அருவருப்பு வேறு, விரதம் வேறு



பொன்னூர் மலையைச் சூழ்ந்த சிற்றூர்களிலும், வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிகளிலும் உழவைத் தொழிலாகக் கொண்டு வாழ்ந்த நம் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று கடல் கடந்து சென்று பொருளீட்டுகின்றனர். அவர்தம் பெற்றோர் நம்மிடம் கேட்கும் முதல் வினா சம்பளத்தைப் பற்றியதன்று. வீட்டு வாடகையைப் பற்றியதுமன்று. "அங்கே அவன் எதை உண்பான்?" என்பதே அது. இவ்வினாவுக்குள் தாயின் பரிவும் உண்டு, சாவக நெறியைக் குறித்த அச்சமும் உண்டு. இரண்டையும் பிரித்தறிந்தாலன்றி விடை கூற இயலாது. ஆதலின் ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம். அந்நாடு ஜப்பான்.

அமெரிக்காவும் இங்கிலாந்தும் இருக்க ஜப்பானை ஏன் எடுக்கிறோம் எனின், அங்குதான் இச்சிக்கல் மிக நுட்பமாக அமைந்துள்ளது. ஊன் உண்ணாமையை நூற்றாண்டுகளாக அறிந்த நாடு அது. ஆயினும் மீனின் சாறு புகாத சமையலறை அங்கே அரிது.

ஜப்பானியர் காலை உணவில் 'நத்தோ' என்றொரு பண்டம் உண்டு. சோயா மொச்சையை வேகவைத்து, முற்காலத்தில் வைக்கோலில் பொதிந்து, இக்காலத்தில் நுண்ணுயிர் கலந்து, வெதுவெதுப்பான இடத்தில் ஏறத்தாழ ஒரு நாள் வைத்துப் புளிக்கச் செய்வர். கோலால் கலக்கினால் நூல் நூலாக இழை எழும். வாடையோ, மழைக்காலத்தில் உலராத துணியின் வாடை. ஜப்பானியருள்ளும் மேற்குப் பகுதியினர் பலர் இதனை விரும்புவதில்லை என்பர். நம் பிள்ளை ஒருவன் இதனை முதன்முறை காணும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வான். "நம் தருமத்திற்கு இது ஆகாது" என்று உடனே கூறியும் விடுவான்.

அதே மேசையில் ஒரு கிண்ணத்தில் தெளிந்த சூப்பு இருக்கும். இளம்பொன் நிறம், இனிய மணம், மேலே இரண்டு கீரை இலைகள். "இதில் ஒன்றுமில்லை, வெறும் காய்கறி நீர்" என்று அவன் மகிழ்ந்து பருகுவான். அதற்குள்தான் மீன் இருக்கிறது. சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, பூஞ்சணம் ஏற்றி உலர்த்தி, மரக்கட்டை போல் இறுகிய அதனைச் சீவல் சீவலாகச் சீவிக் கொதிநீரில் இட்டு வடித்த சாறு அது. 'தஷி' என்பர். தூத்துக்குடி, இராமநாதபுரம் பக்கத்தார் 'மாசி' என வழங்கும் கருவாட்டின் உடன்பிறப்பு என்று இதனைக் கொள்ளலாம். ஜப்பானிய உணவில் இதன் இடம் பெரிது. கோதுமை நூலுணவின் சாற்றிலும், அவித்த கீரையின் மேலும், முள்ளங்கிக் குழம்பிலும் இது உண்டு. நாம் முன்பு கூறிய நத்தோவுடன் தரப்படும் சிறு பொட்டலச் சாற்றிலும் பெரும்பாலும் இதுவே கலந்திருக்கும்!

நாக்கும் மூக்கும் விலக்கிய பண்டம் மொச்சை. அவை வரவேற்ற பண்டம் மீன். புலன்களின் தீர்ப்பை விரதத்தின் தீர்ப்பாக எடுத்துக்கொள்வோர் இங்கே முற்றிலும் தலைகீழான முடிவுக்கு வந்துவிடுகின்றனர்.

ஆசாரியர் சமந்தபத்திரர் இதனை நன்கு உணர்ந்திருந்தார். சாவகர் ஒழுக்கம் கூறும் இரத்தினகரண்டக நூலில், துய்ப்பனவற்றை அளவுபடுத்தும் விரதத்தை விளக்குமிடத்து, உடலுக்கு ஒவ்வாததை விடுக, சான்றோர் ஏற்கத் தகாததையும் விடுக என்று கூறியவர், அத்தோடு நில்லாமல் விரதம் என்பதன் இலக்கணத்தையும் அங்கேயே வகுக்கிறார். துய்க்கத் தகுந்த பொருளிலிருந்து, கருதித் துணிந்து விலகுவதே விரதம் என்பது அவர் கருத்து. பிடிக்காததை உண்ணாதிருப்பது விரதமாகாது. கசப்பை வெறுக்கும் குழந்தை பாகற்காயைத் துறந்ததாக நாம் கூறுவதில்லையே! நத்தோவைக் கண்டு முகஞ்சுளித்தவன் எதனையும் துறக்கவில்லை. மணக்கும் சூப்பை, அது மணக்கிறது என்று அறிந்தும், தன்முன் இருந்து விலக்கி வைப்பவனே விரதமுடையான்.

அதே நூலில், பயன் சிறிதாய் உயிர்க்கேடு பெரிதாய் உள்ளவை என்று முள்ளங்கி முதலிய கிழங்கு வகை, பச்சை இஞ்சி, வெண்ணெய், வேப்பம்பூ, தாழம்பூ ஆகியவற்றை விலக்குமாறும் ஆசாரியர் கூறுகிறார். அயல்நாட்டுப் பிள்ளையின் தட்டை ஆராயப் புறப்படும் நாம், சித்திரைத் திங்களில் நம் வீட்டு வேப்பம்பூப் பச்சடியையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

ஆயின் நத்தோ உண்ணத் தக்கதா எனின், அதற்கும் வேறு விடை உண்டு. சுவை திரிந்தவற்றையும், காலவரம்பு கடந்தவற்றையும், புளித்தவற்றையும் நீக்கும் நோன்பினர் அதனை உண்ணார். அவர் வீட்டில் முதல் நாள் அரைத்த இட்லி மாவும் இராது. இட்லி மாவு புளிப்பதும் நுண்ணுயிர்களால்தானே? மாவைப் பொங்க விட்டு உண்பவர் நத்தோவை மட்டும் 'உயிர் நிறைந்தது' எனப் பழிப்பது நேர்மையன்று. விலக்குபவர் காலவரம்பைக் காட்டி விலக்கட்டும். வாடையைக் காட்டி விலக்க வேண்டாம்.

வாடையைக் குறித்து நாம் இத்துணை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் மூன்றாவது உவர்ப்பின்மை, வடமொழியில் நிர்விசிகித்சை. அருங்கலச்செப்பு ஓதும் நம் இல்லங்களில் இதற்கு எடுத்துக்காட்டான உத்தாயண மன்னனின் வரலாறு யாவரும் அறிந்ததே. அவனைச் சோதிக்க விரும்பிய தேவன் ஒருவன், தொழுநோயுற்ற முனிவராக உருமாறி அரண்மனை வாயிலில் வந்து நின்றான். மன்னனும் அரசி பிரபாவதியும் எதிர்கொண்டு உணவு அளித்தனர். அவன் உண்டது அனைத்தையும் அங்கேயே வாந்தி எடுத்தான். ஏவலர் நாற்றம் பொறாது ஓடினர். மன்னனோ தன் கையால் அவ்வுடலைத் தூய்மை செய்தான். அப்பொழுது அவன் வருந்திக் கூறியது, "ஐயோ, இவருக்கு ஒவ்வாத உணவை அளித்துவிட்டேனே" என்பதுதான். நோயாளியை அவன் பழிக்கவில்லை. தான் இட்ட உணவில் குறை உண்டோ என்றே ஐயுற்றான்.

அயலாரின் தட்டைக் கண்டு முகஞ்சுளிப்பது, சற்று நேரத்தில் அத்தட்டுக்கு உரியவரையே இழிவாகக் கருதுவதில் சென்று முடியும். உடன் பணிபுரிவோர் அழைத்த விருந்தில், "சீ, இதையா உண்கிறீர்கள்?" என்று வாயால் கூறாவிடினும் கண்ணால் கூறும் இளைஞன், கிண்ணத்தைத் தொடாததால் தன் அகிம்சையைக் காத்துக்கொண்டதாக எண்ணுவான். அங்கே காயப்பட்டதும் ஓர் உயிர் என்பதை அவன் நினைப்பதில்லை. கிண்ணத்தை மெல்ல நகர்த்தி, "நான் மீன்சாறும் கொள்ளா நோன்புடையேன், சோறும் ஊறுகாயும் போதும்" என்று இன்முகத்தோடு கூறினால் ஜப்பானியர் எவரும் வருந்தார். கோயில்களில் நோன்புணவு என்ற ஒன்று உண்டு என்பதை அவர்களும் அறிவர்.

அந்நோன்புணவின் வரலாறு நம்மவர் அறிய வேண்டியது. 675ஆம் ஆண்டில் தென்மு என்னும் பேரரசர், மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் ஊனை ஆண்டின் ஒரு பகுதியில் உண்ணலாகாது என்று ஆணையிட்டார். பிற்காலத்திலும் இத்தகைய ஆணைகள் பல பிறந்தன. மீன் அவ்வாணையில் இடம்பெறவில்லை. இன்றைய மீன்சாற்றுப் பழக்கத்தின் வேர்களுள் ஒன்று அங்கே இருப்பதாக நாம் கருதுகிறோம். 1872ஆம் ஆண்டில் மெய்ஜி பேரரசர் மாட்டிறைச்சி உண்டார் என்ற செய்தி நாடெங்கும் பரப்பப்பட்டது. மேலை நாட்டாரைப் போல் வலிமை பெற வேண்டும் என்ற எண்ணம் அக்காலத்து ஆட்சியாளர்க்கு இருந்தது. பன்னூறு ஆண்டுப் பழக்கம் அதன்பின் விரைவாகக் கரைந்தது.

கரையாது எஞ்சியது பௌத்த மடங்களின் சமையல். 'ஷோஜின்' உணவு என்பது அதன் பெயர். 816ஆம் ஆண்டில் மன்னரின் இசைவு பெற்றுக் கூகாய் என்னும் துறவி நிறுவிய கோயா மலையில், தங்கிச் செல்வோருக்கு இன்றும் இவ்வுணவைப் படைக்கின்றனர். ஊனும் மீனும் முட்டையும் அதில் இல்லை. வெங்காயம், பூண்டு முதலிய கார மணமுடைய ஐந்தையும் நீக்குவர். இதைக் கேட்டவுடன் நம் தாய்மார்களின் முகம் மலரும். மலரட்டும், ஆயின் கிழங்கும் வேரும் அங்கே தாராளமாக உண்டு. எள்ளைத் தீட்டிச் செய்யும் கட்டியான பண்டம் ஒன்று அம்மலையில் பெயர் பெற்றது. அதனை இறுக்கும் மாவு ஒரு கொடியின் வேரிலிருந்து எடுப்பது. 'கொன்யாக்கு' என்னும் வழுவழுப்பான பண்டமோ, நம் சேனைக்கிழங்கின் இனத்தைச் சேர்ந்த கிழங்கிலிருந்தே செய்யப்படுகிறது. கிழங்கு நீக்கும் நோன்புடையோர் பௌத்த மடத்திலும் கேட்டே உண்ண வேண்டும். அணுவிரத நிலையில் நின்று, இயங்கும் உயிர்களைக் கருதிக் கொல்லாமை ஒன்றையே மேற்கொண்டோர்க்கு அத்தடை இல்லை. தம் படி எது என்பதை அவரவர் தெளிந்து நிற்றல் வேண்டும்.

மீன் இல்லாமல் அவர்கள் சாறு வைப்பது எவ்வாறு? 'கொம்பு' என்னும் உலர்ந்த கடற்பூண்டை நீரில் ஊறவைத்து வடிக்கின்றனர். 1908ஆம் ஆண்டில் டோக்கியோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் இகேதா கிகுனாயே, அச்சாற்றின் சுவைக்குக் காரணமான பொருள் குளூட்டாமிக் அமிலம் என்று கண்டறிந்து, அச்சுவைக்கு 'உமாமி' என்று பெயரிட்டார். கடலில் ஓர் உயிரையும் பிடிக்காமலே அச்சுவையைப் பெறலாம் என்பதற்கு ஆய்வுக்கூடச் சான்றும் இதனால் கிடைத்தது. பாசியையும் காளானையும் விலக்கும் நோன்பினர் நம்முள் உண்டு. அவர்களுக்குக் கடற்பூண்டுச் சாறும் ஆகாது. மடத்துச் சமையற்காரர் வறுத்த சோயா மொச்சையிலும், உலர்த்திய சுரைக்காய் நாடாவிலும் சாறு எடுப்பதுண்டு. சுரைக்காய் நம் வீட்டுக் கூரைமேல் படர்வதுதானே.

மறைந்து நிற்பவை சிலவற்றையும் கூற வேண்டும். ஜப்பானில் 'கரே' என்றால் குழம்பு. நம் 'கறி' என்னும் சொல் ஆங்கிலத்தின் வழியாக அங்கே சென்று சேர்ந்தது என்பர். பெயரைக் கேட்டு ஏமாறுதல் கூடாது. கடைகளில் கட்டியாக விற்கும் கரே மசாலாவில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருப்பது வழக்கம். ரொட்டியிலும் பன்றிக் கொழுப்பு இருக்கக்கூடும். 'மிரின்' என்பது ஏறத்தாழ 14 விழுக்காடு மதுசாரம் கொண்ட இனிப்பு அரிசி மது. குழம்புகளில் சர்க்கரைபோல் ஊற்றுவர். தளதளவென்று ஆடும் மிட்டாய்களில் எலும்பு, தோலிலிருந்து எடுத்த ஜெலட்டின் உண்டு. அதற்கு மாறாக, பயற்று விழுதைக் கடற்பாசியில் இறுக்கிச் செய்யும் 'யோகன்' என்னும் இனிப்பில் ஜெலட்டினும் இல்லை, முட்டையும் இல்லை. நம் நாட்டுப் பொட்டலங்களில் உள்ள பச்சைப் புள்ளி அங்கே கிடையாது. ஒவ்வாமை உடையோருக்காக முட்டை, பால், இறால், நண்டு முதலியவற்றைப் பொட்டலத்தில் குறிப்பது சட்டப்படி கட்டாயம். மீன் அக்கட்டாயப் பட்டியலில் இல்லை. கடையில் கேட்கும்போது "ஊன் வேண்டா" என்று மட்டும் கூறினால் மீன் வரும். "ஊனும் மீனும் வேண்டா" என்றால் மீன்சாறு வரும். மூன்றையும் பெயர் சொல்லி விலக்க வேண்டும்: நிகு, சகனா, தஷி. மூன்று சொற்கள்தாம், விமானம் ஏறுமுன் மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

இனி ஒரு நுண்ணிய வினா. சோயாக் கட்டியை மசித்துக் காய்கறி கலந்து பொரித்த பண்டம் ஒன்றை 'கன்மொடோக்கி' என்கின்றனர். காட்டு வாத்து போன்றது என்பது அப்பெயரின் பொருள். இன்று மேலை நாடுகளில் தாவரப் புரதத்தைக் கொண்டு, வெட்டினால் குருதி போலச் சிவந்த நீர் ஒழுகும் போலி இறைச்சியும் செய்கின்றனர். இவற்றை நம்மவர் உண்ணலாமா?

யசோதர காவியம் கற்றோர் உடனே மாக்கோழியை நினைப்பர். உயிர்ப்பலி இட மறுத்த யசோதர மன்னன், தாய் சந்திரமதியின் வற்புறுத்தலால் மாவினால் செய்த கோழியைத் தேவிக்குப் பலியிட்டான். சிந்தியது குருதியன்று, மாவுதான். எனினும் தாயும் மகனும் விலங்காகவும் பறவையாகவும் பல பிறவி எடுத்து உழன்றனர். கொல்கின்றேன் என்னும் எண்ணம் அங்கே முழுமையாக இருந்தது என்பதே காரணம். இவ்வரலாற்றை அளவுகோலாகக் கொண்டால் விடை இரண்டாகப் பிரிகிறது. கன்மொடோக்கியை உண்பவர் சோயாக் கட்டி என்றே எண்ணி உண்கின்றனர். வாத்தின் நினைவு பெயரளவிலும் அவர் உள்ளத்தில் எழுவதில்லை. முட்டை சேர்ந்துள்ளதா, எச்சாற்றில் வெந்தது என்று கேட்டறிந்தபின் அதனை உண்பதில் குற்றம் காண நம்மால் இயலவில்லை. குருதி ஒழுகும் போலி இறைச்சியின் நிலை வேறு. ஊன் உண்டு பழகியவர் அதனை விடுவதற்கு அது ஓர் ஊன்றுகோலாகலாம். அவ்வளவில் அதனைப் பாராட்டுவோம். பிறந்தது முதல் ஊனின் சுவையை அறியாத பிள்ளை அச்சுவையைத் தேடிச் சென்று பழகுவது, இல்லாத நோய்க்கு ஊன்றுகோல் வாங்குவதாகும். இது நம் கருத்து. மாறுபடும் சான்றோர் எழுதுவார்களாயின் வரவேற்போம்.

எல்லாவற்றையும் கேட்டறிந்த பின்னரும், அறியாமல் மீன்சாறு வாய்க்குள் சென்றுவிட்டால் என் செய்வது? இங்குதான் பெற்றோரும் பிள்ளைகளும் ஒருங்கே தடுமாறுகின்றனர். "ஒருமுறை கெட்டுவிட்டது, இனி எதற்கு நோன்பு?" என்று அடுத்த வாரமே கோழியுணவுக் கடைக்குச் செல்லும் பிள்ளையும் உண்டு. "இன்று என்ன சாப்பிட்டாய், தம்பி?" என்று தந்தை தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம் "தயிர்ச்சோறு, அப்பா" என்று ஓராண்டுக் காலம் பொய் கூறும் பிள்ளையும் உண்டு. இரண்டாமவன் மீனோடு பொய்யையும் சேர்த்து உண்கிறான். அதற்கு வழிவகுத்தது பெரும்பாலும் கேட்டவரின் குரல்தான்.

உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சைக்கு இலக்கணம் கூறும்போது, வெறும் உயிர்நீக்கத்தை மட்டும் கூறவில்லை. விழிப்பின்மையோடு கூடிய செயலால் நேரும் உயிர்நீக்கம் என்று கூறினார். கேட்டும் ஆராய்ந்தும் உண்டவனிடத்து அவ்விழிப்பின்மை இல்லை. கேட்கச் சோம்பியவனிடத்து உண்டு. அதுவும் விரதத்தின் கறையே அன்றி விரதத்தின் அழிவன்று. கறையை அதிசாரம் என்றும் அழிவை அனாசாரம் என்றும் நம் நூல்கள் பிரித்துக் கூறுகின்றன. கறைக்குப் பிரதிக்கிரமணம் உண்டு. அன்று மாலையே அமர்ந்து, நேர்ந்ததை எண்ணி வருந்தி, மறுநாள் எக்கேள்வியைத் தவறாது கேட்பது என்று உறுதி செய்துகொண்டால் போதும். அழிந்ததற்கும் மீட்சி உண்டு என்பதற்குச் சமந்தபத்திரரின் வரலாறே சான்று. எவ்வளவு உண்டாலும் தணியாத பஸ்மகம் என்னும் பசிநோய் அவரைப் பற்றியது. துறவியின் கட்டுப்பாட்டோடு அந்நோயைத் தீர்க்க இயலாமையால் சல்லேகனை வேண்டினார். அவருடைய குருவோ இசையவில்லை. வேடத்தை நீக்கி நோயைத் தீர்த்துக்கொண்டு மீள்க என்றார். சமந்தபத்திரர் ஒரு சிவன் கோயிலில் தங்கி, அங்குப் படைக்கப்பட்ட பேருணவை உண்டு நோய் நீங்கி, மீண்டும் தீக்கை பெற்றார் என்பது ஐதிகம். அக்கோயில் இருந்தது காஞ்சியில் என்போரும் உளர், காசியில் என்போரும் உளர். பிறர் கோயிலில் பிறர் உணவை உண்டு மீண்டவரின் நூலைத்தான் நாம் இன்று சாவக ஒழுக்கத்திற்கு அளவுகோலாகக் கொண்டிருக்கிறோம்.

ஆகவே பெற்றோர்க்கு நாம் வேண்டிக்கொள்வது, நற்காட்சியின் ஆறாவது உறுப்பான நிலைநிறுத்தலை நினைவில் கொள்க என்பதே. வாரிஷேண முனிவர், மனையாளை நினைந்து தளர்ந்த தம் நண்பரை ஊரார் முன் இகழவில்லை. தம் அரண்மனைக்கே அழைத்துச் சென்று, தாம் துறந்தது எத்தகையது என்று காட்டி நிலைநிறுத்தினார். "என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்பதற்கு மாறாக, "இந்த வாரம் எதை விலக்க நேர்ந்தது? எப்படிக் கேட்டாய்?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை வாய் திறப்பான்.

இரவுணவைக் குறித்தும் சில சொற்கள். டோக்கியோவில் டிசம்பர்த் திங்களின் தொடக்கத்தில் மாலை 4.30 மணிக்கே கதிரவன் மறைந்துவிடும். ஜூனில் 7 மணி வரை ஒளி இருக்கும். ஊரில் ஆறு மணிக்கு உண்டு பழகியவன் அலுவலகத்தில் இருந்துகொண்டு குளிர்காலத்தில் இவ்விரதத்தைக் காப்பது கடினமே. எனினும் கட்டுச்சோறு கொண்டு செல்வது அந்நாட்டில் மிக மதிக்கப்படும் வழக்கம். 'பெந்தோ' என்னும் பெட்டியைத் திறந்து உண்பவனை ஒருவரும் விந்தையாக நோக்கார். நான்கு மணிக்குத் தேநீர் அருந்தச் செல்லும் பொழுதில் பெட்டியைத் திறந்து உண்டுவிடலாம். நாள்தோறும் இயலாதோர் அட்டமி, சதுர்த்தசி நாள்களிலேனும் தொடங்கலாம்.

தனிமையில் நோன்பு காப்பது எளிதன்று. முத்து வணிகத்தின் பொருட்டுக் கோபே நகரில் குடியேறிய வட இந்தியச் சமணக் குடும்பங்கள் 1985ஆம் ஆண்டில் அங்கே மகாவீரருக்கு ஆலயம் எழுப்பியுள்ளன. அவர்கள் சுவேதாம்பரர், வழிபாட்டு முறையில் நமக்கும் அவர்களுக்கும் வேறுபாடு உண்டு. கேட்டு உண்ணும் கலையிலோ அவர்கள் நம் பிள்ளைகளுக்குப் பல்லாண்டு மூத்தவர்கள். டோக்கியோவிலிருந்து விரைவு இரயிலில் சென்றால் மூன்று மணி நேரத்திற்குள் அந்நகரை அடையலாம்.